சாறு தின்னாத தோல்

காஜா பெராங், மலாக்கா
11 பிப்ரவரி 1957

இப்ராஹீமுக்கு,

ஸலாம் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ எனக்குச் செய்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கூடப்பிறந்த தம்பியாகிய நீ, பன்றிக் குடலைச் சுருட்டி என் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாய்.

மெல்லியதாக, அழுகாத தோல் ஏதாவது சிங்கப்பூரில் கிடைக்குமா என்று நான் கேட்டது உண்மை. எதற்குக் கேட்டேன் என்றும் விவரமாக எழுதியிருந்தேன். தெங்கேரா நோன்யாச் சீனப் பெண்கள் சீனப் பெருநாளுக்கும் மற்ற நாட்களுக்கும் பலகாரம் செய்ய அன்னாசியை மலைமலையாகச் சீவுகிறார்கள். பழம் அவர்களுக்கு, தோலும் நடுத்தண்டும் லோங்காங் சாக்கடைக்கு. அந்தத் தோலைப் பிழிந்த சாற்றில் ஊறினால் கிழட்டு ஆட்டுக் கறியும் பஞ்சாகிவிடும் என்பதை என் சாப்பாட்டுக் கடை அடுப்படியில் நானே கண்டேன். ஆனால் கறி புளித்துப்போகிறது, இனித்தும் தொலைக்கிறது. சாற்றை ஆட்டுக்குடலில் அடைத்துக் கட்டிக் கிணற்றுத் தண்ணீரில் தொங்கவிட்டால் புளிப்பும் இனிப்பும் தோல் வழியாக வெளியே கசிந்து போய்விடும். கறியை மெதுவாக்கும் சத்து மட்டும் உள்ளே தங்கும். இதையும் எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. குடல்தான் அடிக்கடி கிழிகிறது. கேட்டது அவ்வளவுதான்.

உன் சுருள் வந்த அன்று அதைக் கையில் எடுத்தேன். கண்ணாடி போல இருக்கிறதே என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் மதினி மரியத்திடம் உன்னைப் புகழ்ந்துகூடப் பேசிவிட்டேன். பிறகுதான் கணேசமூர்த்தி வாத்தியார் உறையின் மேல் இருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னார். சாசேஜ் தோலாம். வெள்ளைக்காரன் பன்றியை அரைத்துப் பன்றிக் குடலிலேயே அடைத்து வாட்டித் தின்பதற்கு அந்தப் பெயராம்.

என் கைகளையும், அது பட்ட மேசை, வாளி, பீங்கான் எல்லாவற்றையும், பன்றி பட்டதற்கு மார்க்கம் சொன்னபடி, ஏழு முறை கழுவினேன். அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரில். மேசையின் சாயமே போய்விட்டது. சுருளை, கூப்பிட்ட வேலைக்கு வரும் பொன்னுதுரை இடுக்கியால் பிடித்துக் கொட்டகை உத்தரத்தில் சொருகினான். குற்றத்துக்குச் சாட்சி வேண்டும் என்பதால் எறியவில்லை.

சென்ற பெருநாளில் நீ செய்ததையும் நான் மறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்துச் சாப்பிட்டோம். உனக்கு மட்டும் வழக்கம்போலத் தனித் தட்டு, ஒரு கரண்டி. வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பவனுக்கு அண்ணன் தம்பியோடு ஒரு தட்டில் கை வைக்க அருவருப்பு. இப்போது அதற்கு மேல் இது. இந்த நோன்புப் பெருநாளுக்கு நீ என் வாசலில் கால் வைக்க வேண்டாம்.

உன் மனைவி அஸ்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அவளைப் பதில் எழுதச் சொல். நீ எழுத வேண்டாம்.

சிஹாபுதீன்


சிங்கப்பூர்
2 மார்ச் 1957

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் மதினியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுவதை மன்னிக்கவும்.

அது குடல் இல்லை. மரத்தைக் கூழாக்கி, காகிதம் செய்வது போலத் தொழிற்சாலையில் செய்த தோல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் அதில் சம்பந்தமே கிடையாது. பெட்டி பிரிக்காத புதுச் சுருளாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். எந்த இறைச்சியும் அதில் பட்டதில்லை. ஒரு வார்த்தை விளக்கமாக எழுதியிருக்க வேண்டும். அது என் தவறு.

கரண்டி விஷயம் தாங்கள் நினைப்பது போல இல்லை. அன்று வயிறு சரியில்லை.

இங்கே விடாத மழை. துணி காய்வதில்லை. அஸ்மாவின் கால்வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தாங்கள் அனுமதித்தால் பெருநாளுக்கு வர ஆசைப்படுகிறோம்.

தம்பி,
இப்ராஹீம்


காஜா பெராங்
14 மார்ச் 1957

இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம்.

மரம் என்கிறாய். விற்கிறவன் எவன்தான் தன் சரக்கைப் பன்றி என்று சொல்வான்? உன்னிடம் சொன்னவன் சொன்னதை நீ நம்பிவிட்டாய், நீ சொன்னதை நான் நம்ப வேண்டும் என்கிறாய். நான் கண்ணால் காணாததை நம்பி இந்த வயதுக்கு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். பெட்டி பிரிக்காத சுருள் உன் கையில் எப்படி வந்தது? உன் கம்பெனி ஸ்டோரில் இதற்கு என்ன வேலை?

இங்கே என் வேலை ஓடவில்லை. கறிக்கடை அலி அக்பர் எனக்கு அழுகல் குடலாகப் பார்த்துக் கொடுக்கிறான். மாலையில் சாற்றை அடைத்துத் தொங்கவிட்டால் காலையில் குடல் கொழகொழவென்று கையோடு வருகிறது, சாறு எல்லாம் கிணற்றுத் தண்ணீரில். பாசாரில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் இப்போது என் கடைக்கு எலும்பு கொடுப்பதில்லை. நானும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

பெருநாள் பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை. அஸ்மா மட்டும் வருவதானால் வரட்டும். மழையில் நனையாதே.

சிஹாபுதீன்


காஜா பெராங்
9 மே 1957

அன்புத் தம்பி இப்ராஹீமுக்கு மதினி மரியம் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் அஸ்மாவும் நல்ல சுகத்தோடு பெருநாளைக் கழித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உன் நானா கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். மறைத்து எழுதவில்லை. கேட்டால் சொல்வேன். கேட்க மாட்டார்.

பெருநாள் அன்று சஹனில் ஒரு இடத்தை விட்டுத்தான் உட்கார்ந்தார். பொன்னுதுரை விருந்துக்கு வந்து, தெரியாமல் அந்த இடத்தில் உட்காரப் போனான். "அங்க வேணாம், இங்கிட்டு வா" என்று தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். நீ வரக்கூடாது என்று சொன்னவரும் அவர்தான். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இன்னொரு செய்தி. நேற்றுக் காலை பையை எடுத்தால், பொன்னுதுரையை அனுப்பிக் கறிக்கடையில் வாங்கிய குடலில் பாதியைக் காணோம். அலி அக்பரை ஏச ஆரம்பித்துவிட்டார், அவன் வாப்பா வரைக்கும் போய்விட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. "ஆட்டுக்கறியத் திங்கிற தண்ணி, ஆட்டுக்கொடல மட்டும் சொந்தக்காரன்னு விட்டுருமா?" என்று கேட்டேன்.

மிச்சக் குடலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "நீ சொன்னது குருட்டு அதிர்ஷ்டம்" என்று மட்டும் சொன்னார். இன்று பொன்னுதுரையை ஏணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. உத்தரத்தில் இருப்பது உன் சுருள் ஒன்றுதான்.

தம்பி, நீ எழுதுவதில் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. நான் கேட்கவில்லை. எழுதத் தோன்றும்போது அவருக்கே எழுது.

அஸ்மாவின் காலுக்கு வேப்பெண்ணெய் சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

மரியம்


காஜா பெராங்
20 மே 1957

தம்பி இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். அங்கே மழை விட்டதா?

உன் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. உன் வார்த்தையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை, என் வாளியைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்னாசிச் சாறு குடலைத் தின்கிறது. இதை நான் கண்டுபிடித்தேன். ஆடானாலும் பன்றியானாலும் குடல் குடல்தான், கறியோடு சேர்ந்தது. ஆகையால் நீ அனுப்பியது எந்த மிருகத்தின் குடலானாலும் சாறு அதைத் தின்றாக வேண்டும். தின்னாவிட்டால் அது குடல் இல்லை. இரண்டு பீங்கானில் சாறு ஊற்றினேன். ஒன்றில் ஆட்டுக்குடல், மற்றதில் உன் சுருளில் வெட்டிய துண்டு. நான் தொடவில்லை. பொன்னுதுரைதான் இடுக்கி பிடித்தான். "நான் எல்லாத்தையும் திங்கிறவன் நானா, நீங்க தள்ளியே நில்லுங்க. பன்னி பாஞ்சு வந்து உங்களக் கடிச்சிறப் போவுது" என்று அவன் கேலி வேறு.

மறுநாள் ஆட்டுக்குடல் சளியாகிவிட்டது. உன் துண்டு வைத்தது வைத்தபடி, சலசலவென்று இருந்தது. நம்பாமல் மறுபடி செய்தேன். அதற்கும் மேல் ஒரு தடவை வெயில் படாத இடத்தில் வைத்துச் செய்தேன். எப்போதும் அதே முடிவு. அப்புறம் ஒரு துண்டைக் கொளுத்தினோம். காகிதம் எரிகிற வாசனை வந்தது, முடி கருகுகிற வாசனை வரவில்லை. பள்ளிவாசல் லெபையிடமும் போய்ச் சொன்னேன். மரக்கூழ் ஆகுமானதுதான், ஹலால்தான் என்றார். அவருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

இப்போது உன் தோலில்தான் சாறு அடைக்கிறேன். வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் புளிப்பும் இனிப்பும் போய்விடுகின்றன. உள்ளே மிஞ்சுவதை நாக்கில் வைத்தால் ஒரு ருசியும் இல்லை, கறியில் தடவினால் வேலை செய்கிறது. அடுப்பு அனலில் வைத்தால் மட்டும் அதன் சக்தி செத்துவிடுகிறது. ஆகவே அரிசிமாவில் பிசைந்து நிழலில் காயவைக்கிறேன். தெங்கேராவில் எனக்கென்று தோலைத் தனிக் கூடையில் போட்டு வைக்கிறார்கள். லோங்காங்கில் ஈ குறைந்திருக்கிறது. அலி அக்பரிடம் மறுபடி கறி வாங்குகிறேன். அவனுக்கு அது போதும். மன்னிப்பு எல்லாம் நான் கேட்பதில்லை.

பன்றிக் குற்றத்திலிருந்து உன்னை விடுதலை செய்கிறேன். கரண்டிக் குற்றம் அப்படியே நிற்கிறது. நான் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை. உன் கம்பெனியில் இந்தத் தோலை வைத்து என்ன செய்கிறார்கள்?

அஸ்மாவுக்கு என் ஸலாம்.

சிஹாபுதீன்


சிங்கப்பூர்
15 ஜூன் 1957

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கண்டு நானும் அஸ்மாவும் அடைந்த சந்தோஷத்தை எழுதி முடியாது. அவள் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பொன்னுதுரை சொன்ன இடம் வந்தபோது சிரித்துக் கால்வலியை மறந்துவிட்டாள்.

இத்துடன் இன்னும் இரண்டு சுருள் அனுப்பியிருக்கிறேன். முறைப்படி கேட்டு வாங்கியதுதான். அடைப்பதற்கு முன் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் முறுக்கிக் கட்ட எளிதாக இருக்கும். முனையை நூலால் இரட்டை முடிச்சாகப் போடுங்கள். பையை முழுக்க நிரப்ப வேண்டாம். தண்ணீர் உள்ளே ஏறி அது உப்பும்.

இங்கே மறுபடியும் மழை. ஸ்டோரின் பின்பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது. மதினிக்கு எங்கள் ஸலாம்.

தம்பி,
இப்ராஹீம்


காஜா பெராங்
6 செப்டம்பர் 1957

தம்பி இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுதந்திரம் பெற்ற நாட்டிலிருந்து எழுதும் முதல் கடிதம். அதனால் எழுத்தில் ஒன்றும் மாற்றமில்லை. சுகமாக இருக்கிறோம்.

மெர்டேக்கா விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். காஜா பெராங் மக்கள் எல்லாருமாகச் சேர்ந்து பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து கிடாய்களைப் பிடித்துவந்தார்கள். ஒவ்வொன்றும் வெள்ளைக்காரன் ஆட்சி அளவுக்குக் கிழடு. அலி அக்பர் அறுத்துவிட்டு, "இத வேகவைக்கிறதுக்குள்ள அடுத்த மெர்டேக்கா வந்துரும் நானா" என்றான். என் மாவைத் தடவுவோம் என்றேன். கடையில் ஒரு சட்டிக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அண்டாவுக்குத் தெரியாது. சற்றுத் தாராளமாகப் போட்டேன். விடிந்து சமைக்க வேண்டியதை முந்தின மாலையே தடவி வைத்தேன்.

மூடியைத் திறந்தால் கறி இல்லை. கறிக்கஞ்சி இருந்தது. கணேசமூர்த்தி வாத்தியார் அகப்பையை விட்டுத் துழாவி ஒரு எலும்பை எடுத்து, "இதுதான் ஆடு இருந்ததுக்கு அத்தாட்சி" என்றார். நான் அசையவில்லை. இன்றைக்கு இதுதான் பதார்த்தம், ரொட்டி வாங்கி வாருங்கள் என்றேன். ரொட்டியைத் தொட்டு எல்லாரும் தின்றார்கள். பல் இல்லாதவர்கள் வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். பல் உள்ளவர்கள் வாய் திறக்காமல் தின்றார்கள். ஒரு அண்டாவிலும் மிச்சம் இல்லை. புளிப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை எழுதி வைத்துக்கொள். அளவு தப்பியது, முறை தப்பவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பொன்னுதுரை அன்று காலையில் பந்தலுக்குப் பக்கத்து லோங்காங்கைத் தோண்டிச் சுத்தம் செய்திருந்தான். சோப்புப் போட்டுக் குளித்துச் சந்தனம் பூசி வந்தவன், என் அருகில் உட்காரக் கூப்பிட்டால் வரவில்லை. தனியாக ஓரத்தில் நின்று கரண்டியால் சாப்பிட்டான். ஏன்டா என்றேன்.

"கையி சுத்தந்தான் நானா. எனக்குத்தான் மனசு வரல. உங்க தட்டுல எப்படி வைக்கிறது?"

வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். உன் தனித் தட்டும் கரண்டியும் நினைவுக்கு வந்தன.

இப்ராஹீம், முன்பும் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். உன் ஸ்டோரில் என்ன இருக்கிறது?

சிஹாபுதீன்


சிங்கப்பூர்
28 அக்டோபர் 1957

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பலமுறை உட்கார்ந்தேன்.

கறிக்கஞ்சியை நினைத்து இங்கே இன்னும் சிரிக்கிறோம்.

ஸ்டோர் வேலை ஸ்டோர் வேலைதான் நானா. பெட்டி வரும், பெட்டி போகும். ஜப்பான்காரன் போன பிறகு வேலை கேட்டு ஏறி இறங்கிய இடமெல்லாம் கதவு சாத்திய நாளில் இந்தக் கதவு திறந்தது. இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பருவமழை தொடங்கிவிட்டது. இந்த வருஷம் கடுமையாக இருக்கும் என்கிறார்கள்.

அஸ்மா நலம். மலாக்கா போகலாம் என்று தினமும் சொல்கிறாள்.

தம்பி,
இப்ராஹீம்


காஜா பெராங், மலாக்கா
12 நவம்பர் 1957

அன்புத் தம்பி இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ். நாங்கள் மிகவும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று முறை கேட்டேன். உன் மூன்று கடிதத்திலும் நீ சிங்கப்பூர் மழையைப் பற்றி எழுதினாய். மழையைப் பற்றி எனக்கு இனிச் சந்தேகமே இல்லை.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். அந்தத் தோல் மரம். அதற்குள் அடைப்பது மரம் இல்லை. அந்தப் பெட்டிகள் வருவதும் போவதும் உன் கை வழியாக. நீ அந்தக் கையை எங்கள் சஹனில் வைக்கவில்லை. அதற்காகத்தான் கரண்டி. நான் உன்னைத் திமிர் பிடித்தவன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன், நீயும் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். வயிறு சரியில்லையாம். வருஷக்கணக்கில் ஒரு மனிதனுக்கு வயிறு சரியில்லாமல் போகுமா?

நான் செய்தது தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. நீ சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சொல்லாதது உன் குற்றம். அது நிற்கிறது. பசிக்கு அந்தக் கதவுக்குள் போனாய். அது உனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு, அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் இங்கே இப்போது வேறு கதவு திறந்திருக்கிறது. புக்கிட் காதில் ஊரிலிருந்தும் மாவு கேட்டு வருகிறார்கள். கூடைகூடையாகத் தோல் வந்து குவிகிறது. முடிச்சு சரியாகப் போட இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பொன்னுதுரை போட்ட முடிச்சு நேற்றுக்கூட அவிழ்ந்துவிட்டது.

ஆகையால் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். இதில் யாரும் மாற்றம் செய்யக்கூடாது.

கம்பெனியில் நோட்டீஸ் கொடுக்க வேண்டியது நீ. சுருள் எந்த ஊரிலிருந்து வருகிறது, யாரிடம் எழுதி வாங்கலாம் என்று கேட்டு வர வேண்டியதும் நீ.

பஸ்ஸில் வரும் வழியில் மூவார் படகுத்துறையில் இறங்கி ஏறும்போது அஸ்மாவைக் கை கொடுத்து இறக்க வேண்டும். அவளுக்கு உட்காருகிற வேலைதான் இங்கே. மாவு காய்வதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மேல் அறையை வெள்ளையடிக்க வேண்டியது பொன்னுதுரை. அவன் மனைவி பாக்கியலட்சுமி தோல் கழுவுவாள். நோன்யாக்களிடம் மலாயில் பேசிக் கூடை வாங்குவதும் அவள்தான். எனக்கு அவர்களோடு பேசப் பொறுமை இல்லை.

நீங்கள் வருகிற அன்று அலி அக்பர் இளங்கிடாயாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மாவு போடாமல் சமைக்க வேண்டியது மரியம். அளவு பார்த்துக்கூடப் போட வேண்டாம்.

கரண்டியைச் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு வர வேண்டியது நீ.

பஸ் நிலையத்துக்கு வர வேண்டியது நான். வழியில் பேச மாட்டேன், தவறாக நினைக்காதே. நேராகக் கிணற்றடிக்குப் போக வேண்டும். மண் சலித்து வைத்திருக்கிறேன். ஆறு முறை நல்ல தண்ணீர், ஒரு முறை மண் கரைத்த தண்ணீர். கைகளை முழங்கை வரை நீட்ட வேண்டியது நீ. அதன் பிறகு சஹனில் உனக்கென்று காலியாக விட்ட ஐந்தாவது இடத்தில் உட்கார வேண்டியதும் நீ.

தண்ணீர் ஊற்ற வேண்டியது நான். வேறு யாரும் வாளியைத் தொடக்கூடாது.

உன் நானா,
சிஹாபுதீன்